நூற்றைம்பத்து நாலு கிலோ ஆதாரம்

நத்தை ஒழிப்பு அலுவலகம் எங்களுக்குத் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. கிலோவுக்கு இருபத்தெட்டு என்று சுவரொட்டி ஒட்டியது அவர்கள். நூற்றைம்பத்து நாலு கிலோ என்று எடை போட்டது அவர்கள். பெருக்கிப் பார்த்ததும் அவர்களேதான். நாங்கள் பொறுக்கியது மட்டும்.

பொறுக்கியவர்களுக்குத்தான் அது தெரியும். பொழுது சாயும்போது ஈரச் சாக்கை வரப்போரம் விரித்து, பப்பாளி இலையைப் போட்டு வைக்க வேண்டும். பகலெல்லாம் மண்ணுக்கடியில் நல்ல பிள்ளையாகக் கிடந்த நத்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். குனிந்து குனிந்து வாளியில் போட வேண்டும். கையில் ஒட்டும் கோழை சோப்புக்குப் போகாது; சோப்புப் போட்டால் இன்னும் வழுக்கும். மணலை வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கலாம். அரை ஏக்கர் கோசுக்கு நானும் வீட்டுக்காரியும் குனிந்த குனிப்பில் எங்கள் முதுகுகளே நத்தை ஓடு மாதிரி வளைந்துவிட்டன.

நத்தை எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்த அலுவலகம் இலவசமாகத் தந்த நாற்றுப் பைகளில் வந்தது. பைமண்ணுக்குள் மிளகு பருமனில், வெளிறிய மஞ்சளில் முட்டைகள் இருந்தன. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, எடை மேசையில் இருந்த தராசுக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அது நாற்றுப் பிரிவு. ரெண்டாவது மாடி. நாங்க ஒழிப்புப் பிரிவு."

"ரெண்டும் ஒரே கட்டடம்தானே ஐயா?"

"கட்டடம் ஒண்ணுதான். படிக்கட்டு வேற."

நிலம் எங்களுடையது அல்ல, குத்தகை. நிலத்துக்காரம்மா மருந்துக் கடை வைத்திருப்பவர். மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே பேசுவார். "மாசக் கடைசிக்குள்ள நாலாயிரம் வந்துடணும் தம்பி. வரலைன்னா செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்துடுவேன். அவரு முன்பணத்தோட நிக்கிறாரு. நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்?" சூளைக்காரர் வந்தால் மூன்றடி மேல்மண்ணை வெட்டிக்கொண்டு போவார். அப்புறம் அங்கே கோசு என்ன, நத்தைகூடப் பிழைக்காது. கோசு போய்விட்டது. இருந்த ஒரே நம்பிக்கை அந்தச் சுவரொட்டிதான்.

விண்ணப்பத்தில் முதலில் என் பெயரைத்தான் எழுதினேன். பிந்திக் கற்ற எழுத்து. கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. வேறு தாள் வாங்கி வீட்டுக்காரியின் பெயரை எழுதினோம். அவள் பெயர் சின்னது. அப்படித்தான் அவள் மனுதாரர் ஆனாள்.

முதல் சாக்கைக் கொண்டுபோன அன்று தராசுக்காரர் உள்ளே கையை விட்டு மூன்றை எடுத்துத் தனியே வைத்தார்.

"இதெல்லாம் செத்துப்போச்சு."

"வர்ற வழியில வெயில் ஐயா."

"செத்த நத்தை பயிரைத் திங்காது. திங்காத நத்தையால விவசாயிக்கு நஷ்டமில்ல. நஷ்டமில்லாததுக்கு அரசாங்கம் எதுக்குக் காசு தரணும்?"

யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை.

அடுத்து ஓடில்லா நத்தைகளை ஒதுக்கினார். வழவழவென்று விரல் நீளத்தில் கிடந்தன. "ஓடு இல்லாதது நத்தையா இல்லையான்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கோம். பதில் வர்ற வரைக்கும் அது எதையும் திங்கலைன்னுதான் அர்த்தம்."

மிச்சத்தை எடை போட்டார். முத்திரை குத்தினார். சாக்கைக் கட்டி என் தோளிலேயே திரும்ப ஏற்றிவிட்டார்.

"என்னங்கய்யா இது?"

"இதுதான் ஆதாரம். இயக்குநர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் உயிரோட இருக்கணும். இங்க வைக்க எடமில்ல, நத்தை வைப்பறையைத்தான் கூட்ட அரங்கம் ஆக்கிட்டோமே. நீங்களே வச்சிருங்க. ஆனா ஒண்ணு, எடை போட்ட நிமிஷத்துலேர்ந்து இது அரசு உடைமை. ஒண்ணைக் கொன்னாலும் வழக்கு."

"இயக்குநர் எப்போ சரிபார்ப்பாரு?"

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். தேதியைப் பார்க்கவில்லை. மேலே இருந்த மலைப் படத்தைப் பார்த்தார்.

வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். "விக்கப் போன மனுஷன் வாங்கிட்டு வந்த மாதிரி வர்றீங்களே?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சாக்கை அவிழ்த்து, பழைய சிமெண்டுத் தொட்டியில் கொட்டி, மேலே வலையைக் கட்டினாள்.

இப்படியே ஒவ்வொரு சாக்காகப் போய் எடையாகித் திரும்பி வந்து, தொட்டி நிரம்பியது. கூடவே தீனிப் பிரச்சினையும் வந்தது. மிஞ்சியிருந்த கோசையெல்லாம் வெட்டி நாங்களே அவற்றுக்குப் போட்டோம். முன்பு திருடித் தின்றன. இப்போது பரிமாறினோம்.

தீவன ஆய்வாளர் என்று ஒருவர் வந்தார். நத்தையின் நலனைப் பார்ப்பதற்கென்றே அந்த அலுவலகத்தில் ஒரு பதவி. தொட்டியோரம் குந்தி, ஒரு நத்தையை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"முகம் வாடியிருக்கே."

"நத்தைக்கு முகம் எங்க ஐயா?" என்றாள் வீட்டுக்காரி.

"அதுதான் சொல்றேன், தெரியவே மாட்டேங்குது. சரியாத் தீனி வைக்கலைன்னா எடை குறையும். குறையுற எடைக்கு உங்க தொகையில பிடிப்போம்."

"முட்டை போட்டுக் குஞ்சும் பொரிச்சிருக்கு. எடை கூடியிருக்குமே. கூட்டித் தருவீங்களா?"

ஆய்வாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பொறந்ததுக்குக் காசு கிடையாதும்மா, பிடிச்சதுக்குத்தான். ஆனா பொறந்ததும் அரசு உடைமைதான். அதுக்கும் தீனி வைக்கணும்."

அவள் எங்களுக்கு வைத்திருந்த கீரையை அள்ளிக் கொண்டுவந்து தொட்டியில் போட்டாள். பத்து விரலும் விறைத்திருந்ததை நான் பார்த்தேன்.

ஒழிப்பு வாரம் வந்தது. முன்மாதிரி விவசாயிகள் என்று எங்களையும் கூப்பிட்டார்கள். பணம் கிடைக்கும் என்று இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு போனோம். அலுவலக வாசலில் ஆள் உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு நத்தை. அதன் முதுகில் ஒரு வாள் செருகியிருந்தது. வாள் குத்தியும் நத்தை சிரித்த முகமாக இருந்தது. அதன் முன்னால் மேடை போட்டிருந்தார்கள். இயக்குநர் பேசினார். நல்ல கணீர்க் குரல்.

"இந்த அலுவலகம் ஆரம்பிச்சப்போ நாங்க மூணே பேர். ஒரே ஒரு அறை. ஒரு மேசையை மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். அன்னைக்கு நத்தை எங்க இருந்தது? ஆத்தோரம் ரெண்டே ரெண்டு தோட்டத்துல. இன்னைக்கு நாலு மாடி, நூத்தி இருபது பணியாளர்கள், ஒன்பது வண்டி. நத்தை இல்லாத தோட்டம்னு ஒண்ணை யாராவது காட்ட முடியுமா? இந்த வளர்ச்சி என் ஒருத்தனோட சாதனை இல்ல. இங்க உக்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தரோட உழைப்பு!"

கைதட்டினார்கள்.

"சில பேர் கேக்குறாங்க, நத்தையை எப்போ முழுசா ஒழிப்பீங்கன்னு. நான் அவங்களைத் திருப்பிக் கேக்குறேன். ஒழிச்சுட்டு? இந்த நூத்தி இருபது குடும்பமும் எங்க போகும்? பொறுப்போட பேசணும். போன வருஷம் ஒரு இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே மாசத்துல ஒரு கிராமத்தையே சுத்தம் பண்ணிட்டார். ஆர்வக்கோளாறு. இப்போ கணக்குப் பிரிவுல இருக்கார். நல்லா இருக்கார்."

முதல் வரிசையில் ஒரு இளைஞன் எழுந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தான்.

எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார். நான் மெதுவாக, "ஐயா, அந்த நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு..." என்றேன்.

"பணம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போயிடும். சான்றிதழ் கடைசி வரைக்கும் கூட வரும்," என்று படத்துக்குச் சிரித்தார்.

சான்றிதழ் கூட வந்தது ஒரு வாரம்தான். தொட்டிப் பக்கம் மாடத்தில் வைத்திருந்தோம்; நத்தைகள் வலையைத் தாண்டி வந்து தின்றுவிட்டன. தங்க நிறத்தில் அச்சடித்த ஓரம் மட்டும் அவற்றுக்குப் பிடிக்கவில்லை.

அன்று விழாவிலிருந்து திரும்பும் வழியில்தான் கட்டடத்துக்குப் பின்னால் இயக்குநரின் வீட்டைப் பார்த்தோம். கம்பிக் கதவு வழியே வீட்டுக்காரி நெடுநேரம் எட்டிப் பார்த்தாள். பாத்தி பாத்தியாக டேலியாப் பூ. தட்டு அகலத்தில் சிவப்பு, மஞ்சள், ஊதா. ஒரு இலையில் ஒரு பொத்தல் கிடையாது. அலுவலகத்தின் களப்பணியாளர்கள் ஆறு பேரும் மண்டியிட்டு இலைக்கடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். மலர்க் கண்காட்சியில் மூன்று வருஷமாக இயக்குநருக்குத்தான் முதல் பரிசாம். இந்த வருஷக் கண்காட்சி அடுத்த மாதம் முதல் தேதி என்று காவலாளி சொன்னார்.

"நத்தையில்லாத தோட்டம் ஒண்ணு இருக்கு," என்றாள் அவள்.

மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. நிலத்துக்காரம்மா சூளைக்காரரைக் கூட்டிவந்து நிலத்தைக் காட்டிவிட்டார். அவர் சங்கிலி போட்டு அளந்தார். போகும்போது என்னிடம், "உங்க நத்தையையெல்லாம் சீக்கிரம் எடுத்துடுங்க அண்ணே, என் ஆளுங்க அருவருப்புப் படுவாங்க," என்றார். மறுநாள் தீவன ஆய்வாளர் மறுபடி வந்தார். வீட்டுக்காரி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். நான் ஆச்சரியப்பட்டேன்.

"ஐயா, இதைக் கொல்ல எங்களுக்கு உரிமை இல்ல, சரி. யாருக்கு இருக்கு?"

"இப்போதைக்கு யாருக்குமே இல்ல. தொகை பட்டுவாடா ஆகி, மனுதாரர் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஒழிப்புக்குப் போகும். அதுக்கு முன்னாடி இயக்குநரே தொட முடியாது. விதியை எழுதினதே அவருதான்."

"இயக்குநரேவா?"

"அவரேதான்."

அவள் இன்னொரு குவளை தேநீர் ஊற்றினாள். சர்க்கரையும் கூடப் போட்டாள்.

"எங்க நிலம் போகப் போகுது ஐயா. எங்களால வச்சுக்க முடியலைன்னா?"

"அலுவலக வளாகத்துல ஒப்படைக்கலாம். விதி இருக்கு. காத்தோட்டமா, தீனி எட்டுற தூரத்துல, பசுமையான எடத்துல."

"வளாகத்துல பசுமை எங்க ஐயா இருக்கு? எல்லாம் சிமெண்டு போட்டிருக்கே."

ஆய்வாளர் பெருமையாகச் சிரித்தார். "ஏன் இல்ல? இயக்குநர் வீட்டுத் தோட்டம் இருக்கே! அது வளாகத்துலதான் சேரும். தோட்டக்காரர் சம்பளம் அலுவலகக் கணக்குலதானே போகுது."

"அப்போ ஒப்படைக்கலாம்னு எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். முத்திரையும் குத்தினார். தேநீர் நன்றாக இருந்தது என்றார்.

மச்சான் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். "அக்கா, குப்பையா?" என்று கேட்டான். "அரசு உடைமைடா, பார்த்து ஏத்து," என்றாள் அவள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நத்தைக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. இயக்குநர் நத்தை மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். களப்பணியாளர்களும் அவர் இல்லாததால் விடுப்பில் போயிருந்தார்கள். காவலாளி முத்திரையைப் பார்த்தார், கதவைத் திறந்தார்.

"எங்க வைக்கணும்?"

"தீனி எட்டுற தூரத்துல," என்று அவள் டேலியாப் பாத்திகளைக் காட்டினாள்.

சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பாத்திக்கு ஒன்றாகக் கவிழ்த்தோம். எடுத்த நூற்றைம்பத்து நாலு கிலோவும், தொட்டியில் பிறந்த பிள்ளை பேரன்களும். அவற்றுக்கு ஒரு அவசரமும் இல்லை. கொம்பை நீட்டி நாலு பக்கமும் பார்த்தன. பிறகு முதல் செடியில் ஏறின. அலுவலகத்துக்கு வந்து இவ்வளவு சீக்கிரம் காரியம் ஆரம்பித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மற்றதைத் தராசுக்காரர் பிறகு சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவர் வீட்டிலும் ஒரு தக்காளிப் பாத்தி இருந்ததாம். இருந்ததாம்.

இயக்குநர் மாநாட்டிலிருந்து பெட்டியோடு இறங்கியவர், பெட்டியைக் கீழே வைக்கவேயில்லையாம். அப்படியே நின்றாராம். கீழ் இலை எதுவும் இல்லை. வீட்டுச் சுவரில் நத்தைகள் சுண்ணாம்பை நக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. களப்பணியாளர்கள் ஆறு பேரும் ஓடிவந்தார்கள். ஒருவர் குனிந்து கை நீட்டினார். தராசுக்காரர் மாடியிலிருந்து கத்தினாராம்: "தொடாதீங்க! சரிபார்ப்புல இருக்கிற ஆதாரம்! எடை குறைஞ்சா உங்க சம்பளத்துல பிடிப்பாங்க!" ஆறு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூக்கள் விழுவதைப் பார்த்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தீவன ஆய்வாளர் வந்து, நத்தைகளைச் சோதித்து, 'தீவன நிலை: மிக நன்று' என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது வண்டிகளில் ஒன்று எங்கள் வாசலுக்கு வந்தது. அன்று மாதக் கடைசி. கோப்பு நாலு மாடியும் ஏறி இறங்கிக் கையெழுத்தெல்லாம் வாங்கிவிட்டது, மனுதாரர் கையெழுத்துதான் பாக்கி என்றார் ஓட்டுநர். வீட்டுக்காரி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா தூக்கு? பத்து நிமிஷ வேலை," என்றார் ஓட்டுநர்.

"அரசு வேலையாச்சே," என்றாள் அவள்.

இயக்குநரின் அறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்திருந்தது. நடுப் பாத்தியில் ஒரு பெரிய சிவப்புப் பூவும் அதைச் சுற்றி ஏழெட்டுப் பூக்களும் இன்னும் நின்றன. கண்காட்சி மறுநாள்தான். பணத்தைச் சில்லறை நோட்டும் காசுமாக மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"வாங்கம்மா, வாங்க. எண்ணிட்டு இங்க ஒரு கையெழுத்து," என்றார் இயக்குநர்.

அவள் முதல் நோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். என்னிடம் கொடுத்தாள். நானும் பார்த்தேன். இரண்டாவது நோட்டு.

"அம்மா, எல்லாம் நல்ல நோட்டுதான்."

"இருக்கும் ஐயா. இருந்தாலும் சரிபார்க்கணும்ல?"

பாதியில் கணக்கு விட்டுப்போனது. மறுபடி ஆரம்பித்தாள். ஒரு கிழிந்த நோட்டைக் கண்டுபிடித்து மாற்றித் தரச் சொன்னாள். காசாளர் சாவியைத் தேடிப் போனார். வெளியே ஒரு மஞ்சள் பூ தலையைச் சாய்த்தது. இயக்குநரின் தலையும் கூடவே சாய்ந்தது.

மதியம் ஆனதும் அவள் தூக்கைத் திறந்தாள். பணத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அவருடைய மேசையிலேயே எனக்கும் பரிமாறினாள். "நீங்களும் சாப்பிடுறீங்களா ஐயா? கோசு இல்ல, வெறும் சோறுதான்."

"அம்மா, கையெடுத்துக் கும்பிடுறேன். கொஞ்சம் சீக்கிரம்..."

"மெல்ல மெல்லத்தான் எல்லாம் நடக்கும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லியனுப்புவீங்க? எங்களுக்கும் பழகிப்போச்சு ஐயா."

"நாளைக்குக் கண்காட்சிம்மா. மூணு வருஷமா நான்தான்... அதுங்க எப்படித் திங்குது பாருங்க! குருத்தைக்கூட விடமாட்டேங்குது! ராத்திரி முழுக்க நான் டார்ச் வச்சுக்கிட்டு நின்னேன், தொட முடியாம! கண்ணு முன்னால வளர்த்ததைத் திங்கும்போது சும்மா பார்த்துட்டு நிக்கிறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

காசாளர் தரையைப் பார்த்தார். வீட்டுக்காரி கையில் இருந்த சோற்று உருண்டையை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள்.

"தெரியாதே ஐயா," என்றாள். "எப்படி இருக்கும்?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மருந்துக் கடை ஆறு மணிக்கு மூடும். அதற்குள் குத்தகையைக் கட்டாவிட்டால் நிலம் சூளைக்காரருக்கு. "போதும், கையெழுத்தைப் போட்டுடு," என்று காதருகே சொன்னேன். அவள் ஜன்னலைக் காட்டி, "இன்னும் மூணு பூ இருக்கு," என்றாள்.

கை கழுவிவிட்டு வந்து காசுகளை எண்ணினாள். பன்னிரண்டு ஒற்றைக் காசுகள். ஒவ்வொன்றையும் மேசையில் தட்டி ஓசை பார்த்தாள். பிறகு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னாள். நான் படித்தேன். நான் படிப்பது எப்போதுமே அப்படித்தான், எழுத்துக் கூட்டித்தான் வரும். 'மேற்கண்ட தொகையை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்பதை இதன்மூலம்' என்ற இடத்தில் சிவப்புப் பூவின் காம்பில் ஒரு நத்தை ஏறியது. இயக்குநர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். 'உறுதி' என்று படித்து முடிப்பதற்குள் அது கழுத்துக்குப் போய்விட்டது. பூ ஒரு தரம் ஆடியது. பிறகு அங்கே காம்பு மட்டும் இருந்தது.

மணி ஐந்து அடித்தது. அவள் பேனாவை வாங்கி, அந்தச் சின்னப் பெயரைச் சின்னதாக எழுதினாள். ஒரு நொடிதான் ஆனது.

"உப்பு!" என்று இயக்குநர் எழுந்து கத்தினார். "மூட்டை மூட்டையா உப்பைக் கொண்டு வாங்க! இப்பவே! ஒண்ணு விடாம கொல்லுங்க!"

தராசுக்காரர் கதவருகே பணிவாக நின்றார். "ஐயா, உப்பு வாங்குறதுன்னா மூணு கடையில விலைப்புள்ளி வாங்கணும். கொள்முதல் பிரிவு அஞ்சு மணிக்கு மூடியாச்சு."

நாங்கள் படியிறங்கினோம். இரண்டு படிக்கட்டில் எதில் என்று கவனிக்கவில்லை. பின்னாலேயே தராசுக்காரர் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா, திருப்திதானே?"

"தொகை சரியா இருந்துச்சு," என்றாள் அவள்.

மருந்துக் கடையில் நிலத்துக்காரம்மா கதவை இழுத்துக்கொண்டிருந்தார். நாலாயிரத்தை எண்ணி வாங்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரியின் முந்தானை முடிச்சில் இருந்தது. அதற்கு விதை வாங்கினோம், நாற்று வாங்கவில்லை. நத்தை ஒழிப்பு அலுவலகம் எங்களுக்குத் தரவேண்டியது இனி ஒன்றுமில்லை.